குளக்கட்டு தரும் எச்சரிக்கை

வரண்ட பிரதேசத்து மக்களுக்குக் குளமே உயிர். மாரியில் குளம் நிறைந்து வான் பாய்கின்றது என்ற செய்தி கமக்காரனின் உள்ளத்தைக் குளிர்விக்கின்றது. ஆனால், அவ்வளவு நீரையும் தாங்கி நிற்பது மண்ணாலாய கட்டு ஒன்றே என்பதனைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கந்தளாய்க் குளம் மிகப் பழைமையானது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கிரபோதி மன்னன் அதனை அமைப்பித்தான் என்பர்; தமிழர் மரபு அதனைக் குளக்கோட்டன் பெயரோடு இணைத்துப் பேசும். பல நூற்றாண்டுப் பழைமை வாய்ந்த அக்குளத்தின் கட்டு, 1986ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆந் திகதி, ஊர் உறங்கும் அதிகாலை 3 மணியளவில் உடைப்பெடுத்தது. 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கட்டின்மேல் மிகப் பாரமான வாகனங்கள் ஓடியமை காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது.

மண்கட்டு பெரும்பாலும் இருவகையில் உடைகின்றது. வான் வெளியேற்றக்கூடிய அளவுக்கு மேல் வெள்ளம் வந்து, கட்டின் மேலாக வழிந்து அதனை அறுத்துச் செல்லுதல் ஒன்று. கண்ணுக்குப் புலப்படாது கட்டின் உள்ளே நிகழும் அரிப்பு மற்றையது. மண்கட்டில் சிறிது நீர் கசிவது இயல்பே. அந்நீர் கலங்கி வருமாயின், உள்ளிருக்கும் மண் கரைந்து, குழாய் போன்றதொரு வழி உண்டாகின்றது என்பது பொருள். பட்டுப்போன மரத்தின் உக்கிய வேரும், கறையான் புற்றும், விலங்குகள் தோண்டிய வளையும் இதற்கு இடமளிக்கும். ஆகவே, தெளிந்த கசிவைக் கண்காணித்தல் வேண்டும். கலங்கிய கசிவுக்கோ உடனே அஞ்சுதல் வேண்டும்.

அவ்வெச்சரிக்கைக்கும் உடைப்புக்கும் இடையே சில மணி நேரமே கிடைக்கலாம். அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்திலுள்ள ரீற்றன் என்னும் மண்ணணையில், 1976ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி காலையில் கலங்கிய கசிவு காணப்பட்டது. நண்பகலுக்குச் சற்று முன்னரே அணை உடைந்தது. எனினும், பகல் வேளையாதலாலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டமையாலும் ஆயிரக்கணக்கானோர் வெளியேறித் தப்பினர். இறந்தோர் 11 பேர். கண்டவர் காலந்தாழ்த்தாது சொன்னால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

கட்டில் புதிய வெடிப்பு, தாழ்ந்துபோன இடம், குளத்தினுள் நீர்ச்சுழி, கட்டின் அடியில் கலங்கிய ஊற்று ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் நீர்ப்பாசன உத்தியோகத்தருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. ஊற்றின் வாயைக் களிமண்ணால் அடைத்துவிடல் ஆகாது. தடைப்பட்ட நீர் வேறிடத்தைத் துளைத்து வெளிவரும். நீரைச் செல்லவிட்டு மண்ணை மாத்திரம் தடுக்கும் வகையில் மணலும் சரளையும் இடும் முறையுண்டு. அது பொறியியலாளரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டிய வேலை.

குளத்தின் கீழ் வாழும் குடும்பம் ஒவ்வொன்றும், மேட்டு நிலம் எங்கே, இருளில் அங்கே செல்லும் வழி எது, முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர் யார் என்பவற்றை மாரிக்கு முன்னரே தீர்மானித்துக்கொள்ளுதல் நன்று. வெள்ளம் ஆற்றுப் பள்ளத்தைப் பற்றியே பாயும். ஆதலால், ஆற்றோரமாக ஓடாது, பக்கவாட்டில் மேட்டை நோக்கிச் செல்லல் வேண்டும். முழங்காலளவு நீரெனினும் விரைந்து ஓடுமாயின் வளர்ந்தவரையும் வீழ்த்திவிடும். பொருள்களை எடுக்கத் திரும்புதலும் உடைப்பை வேடிக்கை பார்க்கச் செல்லுதலும் உயிருக்கே ஆபத்தாகும்.

கட்டைக் காப்பது அரசாங்கத்தின் கடமை மாத்திரமன்று. நாள்தோறும் அதன் வழியே மாடு சாய்ப்பவனும், தண்ணீர் பாய்ச்சுபவனும் கண்ட மாற்றத்தைக் கண்ட அன்றே சொல்லிவிட்டால், ஓர் ஊரே நிம்மதியாக உறங்கலாம்.