கிள்ளானும் அதன் துறைமுகமும்

கோலாலம்பூரில் வாழும் நம்மில் பலர் கிள்ளானுக்கு அடிக்கடி போய்வருகிறோம். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போவோம். புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாளைத் தரிசிக்கப் போவோம். உறவினர் வீட்டுக் கலியாணம் இருந்தால் போவோம். போன காரியம் முடிந்ததும் திரும்பிவிடுவோம். ஊரைப் பார்த்துவர என்று தனியே போனவர்கள் குறைவு. இன்று நேயர்களை அதற்காகவே அங்கே அழைத்துச் செல்ல எண்ணுகிறோம். ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கிக்கொண்டால் போதும்.

காரைவிட ரயிலே நல்லது. பிரிக்பீல்ட்சில் உள்ள சென்ட்ரல் நிலையத்தில் ஏறினால், வண்டி மாறாமல் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் கடற்கரையில் இறங்கலாம். ஒரு காலத்தில் செங்கல் சூளைகளும் பிறகு ரயில்வே ஊழியர் குடியிருப்புகளும் நிறைந்திருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். இப்போதைய நிலையமும் பழைய ரயில்வே கொட்டடி நிலத்தில்தான் எழுந்தது. வழியில் அங்காசாபுரி வரும். நம் வானொலி நிலையம் இருக்கும் இடம் அது. பிறகு சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று வண்டி மேற்கே ஓடும்.

இந்தத் தடத்திற்கு வயது 130-ஐத் தாண்டிவிட்டது. சிலாங்கூரின் முதல் ரயில் 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே ஓடியது. புக்கிட் கூடா, கிள்ளான் நகருக்கு எதிர்க்கரையில் உள்ளது. ஆற்றைக் கடக்க அப்போது ரயில் பாலம் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1890-இல்தான் பாலம் வந்தது. கோலாலம்பூரின் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுவருவதே இந்த ரயிலின் முதல் வேலை. ஆட்களை ஏற்றியது அதற்கு அடுத்தபடிதான்.

ஈயம் என்றதும் கிள்ளானின் பழைய கதை வந்துவிடுகிறது. நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ராஜா அப்துல்லாவின் பண்டகசாலையைக் காணலாம். 1850-களில் கட்டப்பட்ட கட்டடம் இது. ஈயமும் அரிசியும் ஆயுதங்களும் இங்கே சேமிக்கப்பட்டன. கிள்ளான் வட்டாரத்தை ஆண்ட ராஜா அப்துல்லா 1857-ஆம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் வழியாக உள்நாட்டிற்கு அனுப்பினார். ஆறுகள் கூடும் இடத்தில் இறங்கிக் காட்டு வழியே அம்பாங் சென்று ஈயம் தேடுவது அவர்கள் வேலை. ஒரு மாதம் கழித்து உயிரோடு எஞ்சியவர்கள் 18 பேர். மற்றவர்களைக் காட்டுக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அவர்கள் இறங்கிய அந்தக் கூடுதுறைதான் பின்னாளில் கோலாலம்பூராயிற்று. ஆகவே தலைநகருக்குத் தாய் கிள்ளான் என்று சொன்னால் மிகையில்லை. காய்ச்சலை மட்டும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அது மறுபடியும் வரப்போகிறது.

ஈயம் செல்வத்தைத் தந்தது. செல்வம் சண்டையைத் தந்தது. ஆற்றில் போகும் பொருளுக்கு வரி வசூலிக்கும் உரிமை யாருக்கு என்பதில் ராஜா அப்துல்லாவுக்கும் ராஜா மஹாடிக்கும் மூண்ட பகை, 1867 முதல் 1874 வரை கிள்ளான் போராக நீடித்தது. குன்றின்மேல் ராஜா மஹாடியின் கோட்டை இருந்த இடத்தில் இன்று ஒரு வாயில் நிற்கிறது. கோட்டை என்றதும் செஞ்சியையும் வேலூரையும் எண்ணிக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆனால் அந்த உயரத்தில் நின்று ஆற்றை நோக்கினால், இந்தக் குன்றைப் பிடித்தவன் ஆற்றைப் பிடித்தவன் என்பது விளங்கிவிடும். போருக்குப் பின் ஆங்கிலேயர் உள்ளே புகுந்தார்கள். சில ஆண்டுகள் கிள்ளானே சிலாங்கூர் நிர்வாகத்தின் தலைமையிடமாக இருந்தது; 1880-இல் அது கோலாலம்பூருக்கு மாறியது.

அருகிலேயே 1909-ஆம் ஆண்டில் எழுந்த சுல்தான் சுலைமான் கட்டடம் உள்ளது. 2007 முதல் அது அரச காட்சிக்கூடமாக விளங்குகிறது. 1930-களில் எழுந்த சுல்தான் சுலைமான் பள்ளிவாசலையும், இஸ்தானா ஆலம் ஷா அரண்மனையை வெளியே இருந்தும் பார்த்துக்கொள்ளலாம். ஆற்றின் குறுக்கே உள்ள கோத்தா பாலம் ஓர் அதிசயந்தான். 1961-இல் திறக்கப்பட்ட அது இரண்டடுக்குப் பாலம். மேலே வண்டிகளுக்கும் கீழே நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் என்று கட்டினார்கள்.

இனித் துறைமுகத்திற்கு வருவோம். ஆற்றங்கரைத் துறையில் மண் படிந்துகொண்டே வந்தது. பெரிய கப்பல்கள் ஆற்றில் ஏறிவர முடியவில்லை. ஆகவே கடல் வாயில், தீவுகள் அலையைத் தடுத்து நிற்கும் அமைதியான கால்வாயில், புதிய துறைமுகம் அமைத்தார்கள். அதற்கு அந்நாளைய உயர் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரையே வைத்து, 1901 செப்டம்பர் 15-ஆம் நாள் திறந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற அந்தப் பெயர் 1972-இல் போர்ட் கிள்ளான் என்று மாற்றப்பட்டது. நம் முதியோர்களில் சிலர் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

திறந்த சில வாரங்களிலேயே துறைமுகம் படுத்துவிட்டது. சதுப்புக் காட்டை வெட்டிய இடம், தேங்கிய நீர், எங்கும் மலேரியா. அரசாங்க ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். கூலியாட்கள் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம். கப்பலில் மூட்டை இறக்க ஆளில்லை. துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அப்போது கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். அதே 1901-இன் தொடக்கத்தில்தான் அவர் அங்கே வந்திருந்தார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பியவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். வாட்சன் கொசுவை நம்பினார். நகரைச் சுற்றிக் காட்டை வெட்டுங்கள், கடல் நீர் ஏறாமல் கரை போடுங்கள், தேங்கும் நீருக்கு வடிகால் வெட்டுங்கள் என்றார். அரசாங்கம் பணம் கொடுத்தது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் வேலை நடந்தது. அடுத்த ஆண்டே நோயாளிகளின் எண்ணிக்கை சரிந்தது. சில ஆண்டுகளில் மலேரியா அந்த இரண்டு இடங்களிலும் அரிதாகிவிட்டது. ஆங்கிலப் பேரரசில் கொசுவை ஒழித்து மலேரியாவை அடக்கிய முதல் வெற்றிகளில் ஒன்று இது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கடலோரத்துக் கொசு நிழலான காட்டுக் குட்டைகளில் முட்டையிடுவது. காட்டை வெட்டினால் அது ஒழிந்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் ஏறியது. அங்குள்ளது வேறு வகைக் கொசு. வெயில் படும் தெளிந்த ஓடைகளே அதற்குப் பிடிக்கும். காட்டை வெட்டியதால் நாமே அதற்குத் தொட்டில் கட்டினோம்! புதிதாகத் திறந்த சில ரப்பர் தோட்டங்களில் ஓர் ஆண்டில் ஆயிரம் தொழிலாளருக்கு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். வாட்சன் அங்கே நிலத்தடிக் குழாய்களையும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையையும் கையாண்டார். கிள்ளானில் நாம் தாண்டிப் போகும் சாக்கடையையும் வடிகாலையும் யாரும் படம் பிடிப்பதில்லை. ஆயினும் அந்த ஊரில் நம் முன்னோரின் உயிரைக் காத்தவை அவைதாம். எங்களைக் கேட்டால், கோட்டை வாயிலுக்கு முன் அவற்றைத்தான் காட்டுவோம்.

இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான் அம்மக்கள் வந்தார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, பினாங்கைத் தொட்டு இங்கே இறங்கினார்கள். இறங்கியதும் நேரே தோட்டத்திற்குப் போக முடியாது. அம்மையும் வாந்திபேதியும் பரவாதிருக்கத் தனிமை முகாமில் சில நாட்கள் வைத்திருந்து அனுப்பினார்கள். தொழிலாளர்கள் உதவி பெற்று வருவதை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது. எனினும் பயணக் கப்பல்கள் நிற்கவில்லை. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலை அறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1980-களின் மத்தியில் தீக்கு இரையாயிற்று. அத்தோடு கடல்வழிப் பயணமும் முடிந்தது.

வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கிடக்கவும் இல்லை. 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்றார், அவர் தமிழ் நேசனில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்று கேட்டார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் கைதாகி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

இன்றைய துறைமுகம் முற்றிலும் வேறு. பெரிய கப்பல்கள் வடதுறைக்கும், இண்டா தீவில் உள்ள மேற்குத் துறைக்கும் போய்விட்டன. 2023-ஆம் ஆண்டில் 20 அடி அளவில் கணக்கிட்டு 1 கோடியே 40 லட்சம் கொள்கலன்கள் இங்கே கையாளப்பட்டன.

பழைய தென்துறைப் பக்கத்தில், ரயில் நிலையத்துக்கு அருகிலேயே, கெத்தாம் தீவுக்குப் படகு கிடைக்கும். நண்டுத் தீவு என்பது பெயரின் பொருள். சீன மீனவர்கள் சதுப்பு நிலத்தில் கால் நட்டு, அதன்மேல் வீடும் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுப்பியிருக்கிறார்கள். கார் கிடையாது, பலகைப் பாதையில் சைக்கிள்தான். நீர் வற்றும்போது வீட்டின் அடியில் சேற்று மீன்கள் துள்ளுவதைக் குழந்தைகள் விரும்பிப் பார்ப்பார்கள். கார் உள்ளவர்கள் தெற்கே கேரித் தீவுக்குப் போகலாம், பாலம் உண்டு. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மா மெரி மக்கள் வாழ்கிறார்கள். சதுப்புக் காட்டு மரத்தில் அவர்கள் செதுக்கும் முகமூடிகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றை வாங்குகிறவர்கள் பேரம் பேசாதிருப்பது நல்லது. ஒரு முகமூடிக்குப் பல நாள் உழைப்பு வேண்டும்.

துறைமுகத்திலிருந்து திரும்பும்போது பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, மாலையில் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு வந்தால் பூக்கடைகளும் துணிக்கடைகளும் திறந்திருக்கும். தீவுக்குப் போகிறவர்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே கேட்டுக்கொள்ள வேண்டும். குடையும் குடிநீரும் கையில் இருக்கட்டும்; பலகைப் பாதையில் நிழல் குறைவு.