வான்கோழி விற்குமுன் வாங்குபவரின் ஓவனைக் கேளுங்கள்!

கிறிஸ்துமஸ் நெருங்கினால் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் முழு வான்கோழி ரோஸ்ட் பேச்சு எழும். அருகிலுள்ள அஸ்தினாபுரத்து அடுக்குமாடி வீட்டில் அதைச் செய்ய நினைப்பவருக்கு முதல் தடங்கல் ஓவன்தான். 40 லிட்டர் ஓவனுக்குள் 7 கிலோ சேவல் நுழையாது. வெட்டித் துண்டு போட்டால் அது வெறும் கறி. முழுக் கோழிக்குரிய பண்டிகை விலை போய்விடும். 'பெருத்தால் லாபம்' என்று வளர்ப்பவர்கள் ஏமாறும் இடம் இதுவே.

அமெரிக்க வேளாண்மைத் துறை 1930களில் இதே சிக்கலைத் தீர்க்கத்தான், சிறு குடும்பங்களின் அடுப்புக்கு ஏற்ற பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை இனத்தை உருவாக்கியது. அந்த இனத்தையும் கருப்பு நாட்டு ரகத்தையும் கலந்து சென்னையில் உருவானதே 'நந்தனம் வான்கோழி-1'. நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது.

வளர்ப்பவர் கவனத்துக்கு

ஆகஸ்ட் முதல் வாரம் பொரித்த குஞ்சுக்கு கிறிஸ்துமஸின்போது 20 வாரம் ஆகும். வீட்டு ஓவனுக்குச் சேவலைவிடச் சிறிய பெட்டையே பொருத்தம். சுத்தம் செய்தபின் 3 முதல் 4 கிலோ இருந்தால் போதும். அறுப்பதற்கு 8 முதல் 10 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுக்க வேண்டும். தோல் கிழியாமல் இறகு நீக்கி, உடனே குளிர வையுங்கள். கழுத்து, அரைவைப்பை, ஈரலைத் தனிப் பையில் கட்டாயம் கொடுங்கள். கிரேவியின் ருசி அதில்தான் இருக்கிறது.

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியது

முதல் நாள் இரவே உப்பு, மிளகுத்தூள் தடவி ஃப்ரிட்ஜில் வைக்கவும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வறண்டுவிடும். எனவே தோலுக்கு அடியில் வெண்ணெய் தடவி, நெஞ்சின் மேல் அலுமினியத் தாள் மூடவும். தட்டில் வெங்காயம், கேரட், ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் வடியும் சாறு கருகாது. 165 டிகிரி செல்சியஸில் சுமார் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். கடைசி அரை மணியில் தாளை எடுத்தால் தோல் சிவக்கும். நேரத்தை நம்பாமல், தொடையின் தடித்த பகுதியில் எலும்பு படாமல் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 74 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. 20 நிமிடம் ஆறவிட்டு வெட்டவும்.

அதற்குள் கிரேவி தயாராகிவிடும். தட்டில் வடிந்ததை வடிகட்டிக் கண்ணாடி டம்ளரில் வைத்தால் கொழுப்பு மேலே மிதக்கும். அதில் 2 மேசைக்கரண்டி எடுத்து, அதே அளவு மைதாவைப் பொன்னிறமாக வறுக்கவும். அடியில் தங்கிய சாற்றுடன், கழுத்தும் அரைவைப்பையும் வெந்த நீரைச் சேர்த்து ஒரு டம்ளர் அளவாக்கி, சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறவும். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடவும். சாற்றிலேயே உப்பு இருக்கும்.

முன்பணம் வாங்கும்போதே, "உங்கள் ஓவனின் உள் அகலம், உயரம் எவ்வளவு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குப் பறவையைத் தேர்ந்து கொடுத்தால், அடுத்த டிசம்பரிலும் அதே வீட்டிலிருந்து ஆர்டர் வரும்.