வெளிச்சம் மட்டும் போதாது

வெயில் பட்டால் சுவரே காற்றைச் சுத்தம் செய்துவிடுமாமே, உண்மையா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்காகச் சுவரில் பூசும் பொருள்களில் இப்போது அதிகம் பேசப்படுவது கார்பன் நைட்ரைடு. வயலுக்குப் போடும் யூரியாவைச் சுமார் 550 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் கிடைக்கும் மஞ்சள் தூள் இது. உலோகம் கலவாத கரிமப் பொருள். இந்தக் குடும்பத்துச் சேர்மங்களை வேதியியலாளர் லீபிக் 1834இலேயே விவரித்துவிட்டார். ஒளி பட்டால் இது தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் என்பது 2009இல் வெளிவந்தது. இதே வேலைக்கு முன்பிருந்தே பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அந்தக் கதிர் சுமார் 5 சதவீதம்தான். கார்பன் நைட்ரைடு கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியிலும் வேலை செய்யும்.

அந்த வேலைதான் அழகு. கூட்டமான பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கையில் இருக்கும் எலக்ட்ரானை ஒளி எழுப்பிவிடுகிறது. இடம் காலியாகவே இருந்தால் எழுந்தவர் சில நானோ நொடிகளில் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார், ஒளி வீண். அதற்குள் படிக்கட்டில் தொற்றி நிற்கும் ஆக்சிஜன் அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும். அப்படி எலக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜன் சூப்பர் ஆக்சைடாக மாறி, வண்டிப் புகையின் நைட்ரிக் ஆக்சைடைத் தாக்கி நைட்ரேட்டாக்கும். காலி இருக்கையும் சும்மா இருக்காது, அருகில் ஒட்டிய மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். பேருந்து நீளமானால் வாசலுக்குப் போவதற்குள் மனம் மாறிவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் இந்தத் தூளை மெல்லிய தாள்களாக உரிக்கிறார்கள்: எங்கே எழுந்தாலும் வாசல் பக்கத்திலேயே.

ஆனால் ஆய்வகப் பெட்டி வேறு, தெரு வேறு. பிரசெல்ஸின் இரண்டாம் லியோபோல்டு சுரங்கச் சாலையில் 2011 முதல் 2013 வரை டைட்டானியம் டை ஆக்சைடுப் பூச்சைப் புற ஊதா விளக்குகளோடு சோதித்தார்கள். நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைந்ததாகத் தெரியவில்லை. மாசு மிகுந்த காற்றில் பூச்சே செயலிழந்தது. அது டைட்டானியம், இது கரிமப் பொருள் என்று சொல்லலாம். ஒளியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் மாசு மூலக்கூறு சுவரைத் தொட்டால்தானே வினை நடக்கும்? தெருக் காற்றில் பெரும்பகுதி சுவரைத் தொடாமலே போகிறது. உருவான நைட்ரேட்டும் மேற்பரப்பிலேயே படிந்து வழியை அடைக்கும், கழுவ மழை வேண்டும். தூளை மாற்றுவதால் இவை மாறா. விசிறி காற்றைத் திரும்பத் திரும்பத் தள்ளும் மூடிய அறையில் வாய்ப்பு அதிகம். அங்கும் வினை பாதியில் நின்றால் ஒரு மாசு இன்னொன்றாகும்: டொலுவீன் பென்சால்டிஹைடாகும், எத்தனால் அசிட்டால்டிஹைடாகும். ஆகவே இப்படிக் காற்றைச் சுத்தம் செய்யும் கருவியை விற்க வருபவரிடம் உள்ளே போனது எவ்வளவு குறைந்தது என்று கேட்பதோடு விடாதீர்கள். வெளியே என்ன வந்தது என்பதற்கும் அளவீடு கேளுங்கள்.