சட்டை மாறினால் கோல் குறையுமா?

5 கோடி பவுன் கொடுத்து ஓர் ஆட்டக்காரரை வாங்கினார்கள். அந்தப் பருவத்தில் வாங்கியவர்களுக்காக அவர் போட்ட கோல் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று!

அவர் பெயர் பெர்னாண்டோ டோரஸ். ஸ்பெயின் நாட்டுக்காரர். இங்கிலாந்தில் லிவர்பூல் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். 2011-ம் ஆண்டு ஜனவரி கடைசியில் லண்டனில் உள்ள செல்சி கிளப் அவரை வாங்கியது. அதற்கு முன் எந்த இங்கிலாந்துக் கிளப்பும் ஓர் ஆளுக்கு அவ்வளவு பணம் கொடுத்தது இல்லை.

லிவர்பூலுக்காக டோரஸ் ஆடியது 142 ஆட்டங்கள். போட்டது 81 கோல். அதாவது, 10 ஆட்டம் ஆடினால் ஏறக்குறைய 6 கோல். செல்சிக்காக 172 ஆட்டங்கள் ஆடினார், 45 கோல்தான்! 10 ஆட்டத்துக்கு 3 கோல்கூட இல்லை.

அதே ஆள். அதே கால்கள். பிறகு என்ன ஆயிற்று?

லிவர்பூலில் அவருக்குப் பின்னால் ஸ்டீவன் ஜெரார்டு இருந்தார். எதிரிகளின் காவல் வரிசைக்குப் பின்னே ஜெரார்டு பந்தைத் தள்ளுவார். டோரஸ் மான்போலப் பாய்ந்து போய் அதை வலைக்குள் அனுப்புவார். செல்சியிலோ ட்ரோக்பா என்ற பலசாலி ஏற்கனவே முன்வரிசையில் இருந்தார். இருவருக்கும் இடம் பங்கிட வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, 2010-ல் டோரசுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்திருந்தது.

ரசிகர்கள் கேலி செய்தார்கள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! கோலாகக் குவித்த லிவர்பூலில் அவருக்கு ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை. செல்சிக்கு வந்த பிறகு, 2012-ல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையே கிடைத்தது. அந்தப் போட்டியின் அரை இறுதி ஆட்டத்தில், கடைசி நேரத்தில், பாதி மைதானம் தனியாக ஓடி, பார்சலோனா கோல் காவலரையும் தாண்டிக் கோல் போட்டவர் இதே டோரஸ்தான்.

கணக்கில் ஒரு கண்ணி

போட்ட கோலை ஆடிய ஆட்டத்தால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். ஆனால், கடைசி 10 நிமிடம் மாற்று ஆளாக இறங்கினாலும் அது ஓர் ஆட்டம் என்றே கணக்கில் ஏறும். டோரஸ் செல்சியில் பல தடவை அப்படி இறங்கினார். அதனால்தான், "90 நிமிடத்துக்கு எத்தனை கோல்?" என்று பார்ப்பவர்களும் உண்டு. அதுவே நியாயமான கணக்கு.

நிற்கும் இடமும் முக்கியம். கிறிஸ்டியானோ ரொனால்டோ 18 வயதில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது மைதானத்தின் ஓரத்தில் ஓடுபவர். 2009-ல் விலகும்வரை அங்கே 292 ஆட்டங்களில் 118 கோல். அப்புறம் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பில், மெல்ல மெல்லக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். 438 ஆட்டங்களில் 450 கோல்! ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல்.

மெஸ்ஸி கதை நேர்மாறானது. 13 வயதில் சேர்ந்து வளர்ந்த பார்சலோனாவில் 778 ஆட்டங்களில் 672 கோல். 34 வயதில் பாரிஸ் கிளப்புக்குப் போனார். 75 ஆட்டங்களில் 32 கோல். விகிதம் சரிபாதி ஆகிவிட்டது. ஆள் தேய்ந்துவிட்டார் என்று சொல்ல முடியுமா? பாரிசில் இருந்த காலத்திலேதான், 2022 உலகக் கோப்பையில் சொந்த நாடான அர்ஜென்டினாவுக்காக 7 ஆட்டங்களில் 7 கோல் போட்டுக் கோப்பையையும் வாங்கினார்.

புஸ்காஸ்

இவர்களை எல்லாம் மிஞ்சியது ஹங்கேரி வீரர் புஸ்காசின் கதை. தாய்நாட்டுக்காக 85 ஆட்டங்களில் 84 கோல் போட்டவர் அவர். 1956-ல் ஹங்கேரியில் புரட்சி வெடித்தபோது வெளிநாட்டில் இருந்தார், திரும்பிப் போகவில்லை. 31 வயதில், தொந்தியும் தொப்பையுமாக ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். அங்கேயும் 262 ஆட்டங்களில் 242 கோல்!

பிறகு ஸ்பெயின் நாட்டு அணியிலும் அவரைச் சேர்த்தார்கள். 4 ஆட்டங்கள் ஆடினார். கோல்? பூஜ்யம். அதில் 3 ஆட்டங்கள் 1962-ல் சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பையில். அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்புதான், ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், ரியல் மாட்ரிட்டின் வெள்ளைச் சட்டையில், பென்பிகாவுக்கு எதிராக அவர் 3 கோல் போட்டிருந்தார்.