காதில் இரையும் சத்தம், காது இழக்கும் சத்தம்

வெளியே எந்த ஓசையும் இல்லாதபோதும் காதிலோ தலைக்குள்ளோ ஓயாமல் ஒரு சத்தம் கேட்பதுதான் காது இரைச்சல். மருத்துவர்கள் இதை டின்னிடஸ் என்பார்கள். ஒருவருக்கு அது ‘ஙொய்’ என்று நீளும். இன்னொருவருக்குச் சில்வண்டுச் சத்தமாகவோ விசிலாகவோ கேட்கும். பகலில் மறந்திருந்து, படுக்கப் போனதும் தலைதூக்குவது பலருடைய அனுபவம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான மதிப்பீட்டின்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. கடுமையாக அவதிப்படுவோர் சுமார் 2 சதவீதம். சத்தம் கேட்பது வேறு, அதனால் துன்பப்படுவது வேறு என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். காதில் குறையேதும் இல்லாத 80 பேரை, ஒருவர் பின் ஒருவராக, ஒலி புகாத அறையில் சில நிமிடம் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். கேட்கும் நரம்பு மண்டலம் முழுமையாக ஓய்ந்திருப்பதே இல்லை. அதன் உள்ளோட்டம் வழக்கமாகக் கவனத்துக்கு வராமல் இருக்கிறது, அவ்வளவுதான். அது கவனத்துக்கு வந்து நிலைத்துவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: கேட்கும் திறன் எங்கோ குறைந்திருக்கும். எனவே இரைச்சலைப் புரிந்துகொள்ளக் காதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒலி போகும் வழி

காற்றில் வரும் ஒலி செவிப்பறையை அதிரவைக்கிறது. அதன் பின்னால் கோத்துக்கொண்டிருக்கும் மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. மூன்றில் கடைசி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான். மனித உடலின் மிகச் சிறிய எலும்பு அதுவே. உள்காதில் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுருண்டு, திரவம் நிறைந்திருக்கும் நத்தைச்சுருளுக்கு காக்லியா என்று பெயர். அதற்குள் வரிசையாக நிற்கும் மயிர்ச்செல்கள் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றுகின்றன. ஒரு காதில் சுமார் 3,500 உள்வரிசைச் செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. சுமார் 12,000 வெளிவரிசைச் செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. கண்ணின் விழித்திரையில் கோடிக்கணக்கான செல்கள் இருக்க, காது இத்தனை குறைந்த முதலை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் காலம் தள்ளுகிறது. போன மயிர்ச்செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

சுருளின் வாசலில் உள்ள செல்கள் கீச்சென்ற உயர் ஒலிகளுக்கும், கடைக்கோடியில் உள்ளவை கனத்த ஒலிகளுக்கும் உரியவை. ஒலியலை இந்தச் சுருளில் எப்படிப் பயணிக்கிறது என்று கண்டறிந்த கேயார்க் வான் பேக்கேசிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. வயதானாலும் இரைச்சலில் வேலை செய்தாலும் முதலில் அடிபடுவது பெரும்பாலும் உயர் ஒலிப் பகுதிதான். பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை கனமானது. ச, த போன்ற மெய்களை வேறுபடுத்திக் காட்டும் குறிப்புகள் உயர் ஒலிகளில் இருக்கின்றன. அதனால்தான் காது மங்கத் தொடங்கியவர், “பேசுறது கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை” என்கிறார். ‘காசு’ என்றால் ‘காது’ என்று பிடித்துக்கொள்வார். கத்திப் பேசினால் உயிரெழுத்து மட்டும்தான் கூடுதலாகக் கேட்கும். முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் புரியும்.

எங்கே தடை?

கேட்கும் திறன் இழப்பை மருத்துவம் இரண்டாகப் பிரிக்கிறது. வெளிக்காதிலோ நடுக்காதிலோ தடை ஏற்பட்டு ஒலி உள்ளே போகாமல் நிற்பது ஒரு வகை. காதில் அடைத்த குறும்பி, செவிப்பறையில் ஓட்டை, சிறு வயதிலிருந்து விட்டுவிட்டு வரும் சீழ், மூன்றாவது எலும்பு இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் ஆகியவை இதில் சேரும். பெரும்பாலும் இவற்றைச் சரிசெய்துவிடலாம். உள்காதிலோ நரம்பிலோ சேதம் வருவது இரண்டாவது வகை. நாள்பட்ட இரைச்சலோடு வருகிறவர்களில் மிகப் பலர் இந்த வகையினர்.

சேதத்துக்கு மூப்பு ஒரு காரணம். பிறவியிலேயே வருவதில் மரபணுக்களின் பங்கு பெரிது. நெருங்கிய உறவில் மணமுடிக்கும் குடும்பங்களில், தாயும் தகப்பனும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பகாலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லாவும் குழந்தையின் காதைப் பறிக்கும். தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017-ல் இந்தியாவில் தொடங்கியபோது முதல் கட்டத்தில் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மருந்துகளும் காதைக் கெடுப்பதுண்டு. ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகள், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் ஆகியவை மயிர்ச்செல்களையே அழிக்கலாம். தாய்வழியாக வரும் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த ஊசிகளில் கொஞ்சமே போதும், காது போய்விடும். அதிக அளவு ஆஸ்பிரினாலும் இரைச்சல் வரும். ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தடுக்க முடிந்தும் தடுக்கப்படாமல் இருக்கும் காரணம் சத்தம். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலுக்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம்தான். டெசிபல் எண்கள் சாதுவாகத் தெரியும். ஆனால் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடுகிறது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் ஒரு ஷிஃப்ட் முழுக்கத் தறிகளுக்கு நடுவே நிற்கும் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு பொருந்துவதே இல்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் இதே தறிச் சத்தத்தால் உதட்டசைவையும் சைகையையும் கலந்த தனிப் பேச்சுமுறையே உருவாகியிருந்தது. சத்தத்தால் வரும் கேள்திறன் இழப்பு இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் அறிவிக்கத்தக்க நோயாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆனால் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறி ஓட்டுகிறவரை அந்தப் பட்டியல் எட்டிப் பார்ப்பதில்லை.

சத்தம் செய்த சேதத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. கேள்திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். பட்டாசு போலத் திடீரென வெடிப்பது ஒரே அடியில் இதைச் செய்துவிடலாம். நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் போகும் வெடிகளுக்கு இந்தியாவில் தடை இருக்கிறது. நான்கு மீட்டர் தள்ளி நின்று வெடிப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். திருவிழாவில் ஸ்பீக்கர் அருகே நின்றுவிட்டு வந்த இரவில் காது அடைத்து இரையும், மறுநாள் தெளிந்துவிடும். தெளிந்துவிட்டதால் சேதமில்லை என்று நம்பிவந்தார்கள். 2009-ல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில் செய்த ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் சந்திப்புகள் நிரந்தரமாகப் போயிருந்தன. பரிசோதனையில் காது சரி என்று வந்தும் கூட்டத்தில் பேச்சு புரியாமல், இரைச்சலோடு தவிக்கும் சிலருக்கு இது விளக்கமாக இருக்கலாம். இயர்போன் பயன்படுத்துவோருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்.

சத்தத்தை உண்டாக்குவது யார்?

காதிலிருந்து வரும் சமிக்ஞை குறைந்தால், மூளையின் கேட்கும் பகுதிகள் தங்கள் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றன என்பது இன்று வலுவாக உள்ள விளக்கம். சரியாக எடுக்காத வானொலி நிலையத்துக்காக ஒலியைக் கூட்டினால், பாட்டோடு கரகரப்பும் சேர்ந்து பெருகுவதைப் போன்றது இது. காதில் தொடங்கினாலும் இரைச்சலை நிலைநிறுத்துவது மூளைதான் என்பதற்குக் கசப்பான ஆதாரம் உண்டு. கேட்கும் நரம்பில் வளரும் கட்டியை அகற்றும் அறுவைச் சிகிச்சையில் அந்த நரம்பு துண்டிக்கப்பட்ட பிறகும் பலருக்கு இரைச்சல் நிற்கவில்லை, சிலருக்குக் கூடிவிட்டது.

இன்னொன்றும் தெரியவந்தது. வெளியிலிருந்து ஒரு ஒலியைக் கொடுத்து, எவ்வளவு சத்தத்தோடு இரைச்சல் ஒத்துப்போகிறது என்று அளந்தால், பெரும்பாலோருக்கு அது கேட்கத் தொடங்கும் எல்லையைவிட 10 டெசிபல்கூடக் கூடுதலாக இருப்பதில்லை. தூக்கத்தையே இழந்தவருக்கும் கண்டுகொள்ளாதவருக்கும் அளவில் பெரிய வித்தியாசமும் இல்லை. வித்தியாசம், மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டதா என்பதில் இருக்கிறது. பயம் கவனத்தை இழுக்கும், கவனம் சத்தத்தைப் பெரிதாக்கும், தூக்கம் கெடும், பயம் கூடும். பவெல் யாஸ்ட்ரெபாஃப் 1990-ல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இதுதான். இன்றைய சிகிச்சை முறைகள் பலவும் அதிலிருந்து கிளைத்தவை.

தாமதிக்கக் கூடாதவை

இரைச்சல்களில் பெரும்பகுதி உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆனால் சிலவற்றில் தாமதம் கூடாது. ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ, கேட்காமல் போனால் அது அவசர நிலை. சளி அடைப்பு என்று நினைத்து ஒரு மாதம் கழித்து வருகிறவர்கள் அதிகம். ஸ்டீராய்டு சிகிச்சை அதிகப் பலன் தரக்கூடிய காலம் முதல் இரண்டு வாரம். நாடித்துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று கேட்பது ரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம். சில சமயம் ரத்தசோகையாலும் வரும். ஒரு காதில் மட்டும் இரைச்சலும் மந்தமும் கூடிவந்தால், கேட்கும் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள்; அபூர்வம்தான், ஆனாலும் பார்த்துவிட வேண்டும். தலைசுற்றலோடு காது அடைத்து, இரைந்து, கேட்பது ஏறி இறங்கினால் மெனியர் நோய் சந்தேகிக்கப்படும்.

பரிசோதனை எளிமையானது. முதலில் காதுக்குள் பார்ப்பது, பிறகு இசைக்கவை, பிறகு ஒலி புகாத அறையில் ஆடியோகிராம் என்ற கேள்திறன் வரைபடம். பதில் சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கு, காது தானே எழுப்பும் மெல்லிய எதிரொலியையும் மூளைத்தண்டின் மின் பதிலையும் அளக்கும் கருவிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன் செய்யக்கூடாத ஒரு வேலை உண்டு: காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, கோழி இறகோ பட்ஸோ விட்டுக் குடைவது. குறும்பி இன்னும் உள்ளே போகும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ்தான் பிடிக்கும்.

மருத்துவம் எவ்வளவு தூரம்?

நடுக்காதுக் கோளாறுகளில் அறுவைச் சிகிச்சையின் கை ஓங்கியிருக்கிறது. செவிப்பறையை ஒட்டலாம், இறுகிய எலும்பை எடுத்துவிட்டுச் செயற்கைத் துண்டு வைக்கலாம். 1956-லிருந்து நடந்துவரும் அறுவை அது. உள்காது மங்கினால் காது மிஷின். கண்ணாடி போடக் கூசாதவர்கள்கூட இதைப் போட ஏன் கூசுகிறார்கள் என்று தெரியவில்லை. வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, மிக மங்கிய பிறகு மாட்டுகிறார்கள். பழகச் சில வாரமாகும் என்று யாரும் சொல்லாததால் இரண்டாம் நாளே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

காது மிஷினாலும் பயனில்லாத அளவுக்கு மயிர்ச்செல்கள் போயிருந்தால் காக்லியர் இம்பிளான்ட் இருக்கிறது. நத்தைச்சுருளுக்குள் மின்முனைகளைச் செலுத்தி, செல்களைத் தாண்டி நரம்பையே நேராகத் தூண்டும் கருவி இது. 1978-ல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பொருத்திய பலமுனைக் கருவி இதன் வளர்ச்சியில் பெரிய திருப்பம். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு எவ்வளவு முன்னதாக வைக்கிறார்களோ அவ்வளவு நல்லது. மொழியைப் பதித்துக்கொள்ளும் மூளையின் பருவம் காத்திருப்பதில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் செலவை ஏற்கிறது. அறுவை முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மாதக்கணக்கான பேச்சுப் பயிற்சி மறுபாதி. பெரியவர்களில் இம்பிளான்ட் வைத்தவர்கள் பலருக்கு இரைச்சலும் தணிவதுண்டு.

இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை எதுவும் இன்றில்லை. ஜிங்கோ, துத்தநாகம், மெலட்டோனின் ஆகியவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இதைக் கேட்டுவிட்டு, “ஒண்ணும் பண்ண முடியாது, பழகிக்கோங்க” என்று சில மருத்துவர்கள் அனுப்பிவிடுவதும் தவறு. காது மந்தமும் சேர்ந்திருப்பவருக்குக் காது மிஷினே பாதி மருந்து; இழந்த ஒலிகள் திரும்பக் கிடைக்கும்போது இரைச்சல் பின்னுக்குப் போகிறது. முழு நிசப்தத்தைத் தேடுவது இரைச்சலைக் கூட்டவே செய்யும். இரவில் மின்விசிறியோ, தணித்து வைத்த வானொலியோ அருகில் ஓடினால் தூங்க எளிது. இதுவரை ஆதாரம் வலுவாக உள்ள சிகிச்சை, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற உளவியல் பயிற்சி. அது சத்தத்தின் அளவைக் குறைப்பதில்லை. சத்தத்துக்கும் பயத்துக்கும் உள்ள முடிச்சைத் தளர்த்துகிறது. சோர்வும் தூக்கமின்மையும் முற்றியிருந்தால் அவற்றுக்குத் தனியே மருத்துவம் வேண்டியிருக்கும். ஒலியையும் நாக்கில் மெல்லிய மின்தூண்டலையும் இணைத்துத் தரும் ஒரு கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் அனுமதி தந்தது. நீண்டகாலப் பலன் எவ்வளவு என்பது இனிமேல்தான் உறுதியாக வேண்டும்.

பறவைகளுக்குப் போன மயிர்ச்செல் மறுபடி முளைக்கிறது என்பது 1980-களில் தெரிந்தது. அதிலிருந்து மனிதரிலும் அதைத் தூண்டிவிடும் முயற்சி நடக்கிறது; இதுவரை மருந்தாக எதுவும் தேறவில்லை. மரபணுச் சிகிச்சை வேறு திசையில் முன்னேறியிருக்கிறது. ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு, அதை உருவாக்கும் மரபணுவைத் தீங்கற்ற வைரஸ் மூலம் உள்காதில் செலுத்தியதில் பெரும்பாலோருக்குக் கேட்கத் தொடங்கியதாக ஷாங்காய் மருத்துவர்கள் 2024-ல் அறிவித்தார்கள். அந்தக் குழந்தைகளின் மயிர்ச்செல்கள் உயிரோடு இருந்தன. செய்தியை நரம்புக்குக் கைமாற்றும் புரதம் மட்டும்தான் இல்லை. தறிச் சத்தத்திலோ மூப்பிலோ செல்களையே இழந்த காதுக்கு இந்த வழி பொருந்தாது.