ஊர்க்காவல் வில்லைகள்

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பித்தளைத் தொப்பி வில்லை ஒன்றை என் மேசைமீது வைத்தான். பூட்டனாரின் தகரப் பெட்டியில் கிடைத்ததாம். "இது ஜப்பான் சண்டையில் வாங்கியதா, ஐயா?" என்று கேட்டான்.

கலும்பாங் வட்டாரத் தோட்ட வீடுகளில் இத்தகைய வில்லைகளை நான் கண்டதுண்டு. பல, பழைய சாமான் வாங்குவோரின் தராசுக்குப் போய்விட்டன. ஆதலின் இவற்றை இனங்காணும் முறையை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலில் இரு காலங்களைப் பிரித்துணர வேண்டும். ஜப்பானியர் வருமுன் கூட்டு மலாய் நாடுகளின் தொண்டர் படை இருந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என நான்கு பட்டாளங்கள். 1942க்குப்பின் அப்படையின் சின்னத்தை வீட்டில் வைத்திருப்பது உயிருக்கே ஆபத்து. ஆகவே அவை அரியன. மற்றது 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை நீடித்த அவசரகாலம். 1951 அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் ஹைகமிஷனர் கர்னி சுடப்பட்டார். அடுத்த மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே பன்னிருவர் மாண்டனர். இரண்டும் நமக்கு அண்டை இடங்களே. அந்நாளில் தோட்டங்களைக் காத்தோர் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும் ஊர்க்காவல் படையினரும் ஆவர்.

இனி மகுடத்தைக் காண்க. ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்து மகுடத்தின் வளைவுகள் குடைபோல் உருண்டு உயரும். 1952இல் எலிசபெத் அரியணை ஏறியபின் வந்ததில் உச்சி சற்றுக் குழிந்திருக்கும். குழிந்த மகுடம் ஜப்பான் யுத்த காலத்ததன்று. ஆனால் உருண்ட மகுடம் அணிந்த ஆண்டைக் காட்டிவிடாது. பழைய இருப்பைப் பின்னரும் அணிந்திருக்கலாம். காவல் படைக்கு 'அரச' என்னும் அடைமொழி கிடைத்தது 1958இல். அச்சொல் உள்ளது அதற்கு முந்தியதாகாது.

பின்புறமும் பேசும். அச்சில் அடித்த வில்லையில் முன்புடைப்பு பின்னே குழிவாகத் தெரியும். வார்த்தெடுத்த போலியில் கோடுகள் மழுங்கி, புள்ளிக்குழிகள் காணும். புளியிட்டுத் துலக்குவோர்க்கு ஒரு சொல்: அருள்கூர்ந்து வேண்டாம்! எழுத்து தேய்ந்தால் சான்றும் தேயும்.

துணிப்பட்டைகளை அற்பமென்று எறிவது பெரும்பிழை. இங்கிலாந்திலேயே 1940 மே மாதம் தோன்றிய ஊர்க்காவலர்க்கு முதலில் கிடைத்த அடையாளம் எழுத்துப் பொறித்த கைப்பட்டைதான்.

மாணவன் கொணர்ந்ததில் மகுடம் குழிந்திருந்தது. "உன் பூட்டனார் எந்தத் தோட்டத்தில் காவல் நின்றார்?" என்று கேட்டேன். மறுநாள் பாட்டியிடம் கேட்டு, பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாம் தாளில் எழுதிவந்தான். தாளையும் வில்லையையும் ஒரே உறையிலிட்டுக் கொடுத்தனுப்பினேன்.