‘புஸ்’ என்று சீறும் கார்! மிச்சக் காற்றை வெளியே விடுவதா, திருப்பி விடுவதா?

தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் கும்பகோணம் பஸ் வந்து நிற்கிறது. ‘புஸ்ஸ்...’ என்று ஒரு சீறல். பக்கத்தில் நிற்கும் பையன் “டர்போ!” என்கிறான்.

டர்போ அல்ல, பிரேக்! பெரிய பஸ்களிலும் லாரிகளிலும் காற்றின் பலத்தால்தான் பிரேக் பிடிக்கிறது. டிரைவர் பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும், வேலை முடிந்த காற்று வெளியே ஓடுகிறது. அந்தச் சத்தம்தான் அது.

இதே சீறல் தங்கள் காரிலும் கேட்க வேண்டும் என்று சில இளைஞர்களுக்கு ஆசை. அதற்கென்றே ஒரு வால்வு விற்கிறார்கள். காரில் ஏற்கெனவே உள்ள வால்வைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால், கியர் மாற்றும்போதெல்லாம் கார் நல்ல பாம்பு மாதிரி சீறும்.

சத்தம் வருகிறது, சரி. வேகம் வருகிறதா? எந்திரத்துக்கு அது நல்லதா?

புகையிடம் வாங்கும் வேலை

கார் எந்திரம் பெட்ரோலை மட்டும் குடித்து ஓடுவதில்லை. காற்றையும் குடிக்கிறது. காற்று அதிகம் கிடைத்தால் பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். சக்தி கூடும்.

அந்தக் காற்றைத் திணித்துக் கொடுப்பதுதான் டர்போ. ஒரே தண்டில் இரண்டு சின்னச் சக்கரங்கள். வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதோடு மறு சக்கரமும் சுழன்று, காற்றை உறிஞ்சி எந்திரத்துக்குள் தள்ளும். வீணாகப் போகிற புகையிடம் வேலை வாங்கும் இந்த யோசனைக்கு, சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பியூக்கி 1905-ல் காப்புரிமை பெற்றார். டர்போ வைத்த கார்கள் 1962-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. இன்று சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் சின்னக் கார்களில்கூட டர்போ இருக்கிறது.

அந்தச் சக்கரம் சுற்றும் வேகத்தைக் கேட்டால் தலை சுற்றும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல்! சின்ன டர்போ 2 லட்சத்தையும் தாண்டும்.

மதகை மூடினால்...

இந்த வேகத்தில் சுற்றும்போது, கியர் மாற்றுவதற்காக டிரைவர் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கிறார். எந்திரத்துக்குக் காற்று போகும் வாயில் ஒரு மூடி உண்டு. அது சட்டென்று மூடிக்கொள்கிறது. டர்போ சக்கரமோ நிற்கவில்லை. காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. காற்று எங்கே போகும்?

தஞ்சை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும்போது கீழ் மதகைத் திடீரென்று இறக்கிப் பாருங்கள். தண்ணீர் ஏறும். எதிர்த்துத் திரும்பும். கரை எங்கே பலவீனமோ அங்கே உடைக்கும். கல்லணையில் வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்தில் திறந்துவிடுவது எதற்காக? மிச்சத்துக்கு ஒரு வழி வேண்டும் என்பதற்காகத்தான்.

காற்றும் அப்படியே. வந்த வழியே திரும்பி, சுழலும் சக்கரத்தின் இறக்கைகளில் மோதுகிறது. ‘படபட’ என்று ஓசை கேட்கும். சக்கரத்தின் வேகம் குறையும். தண்டைத் தாங்கும் பேரிங்குக்கும் கேடு.

ஆகவே ஒரு வடிகால் வைத்தார்கள். அதுதான் இந்த வால்வு. மூடி அடைத்துக்கொண்டதும், எந்திரம் காற்றை உறிஞ்சும் உறிஞ்சலே ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக வால்வை இழுத்துத் திறக்கும். மறுபடி மிதித்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை மூடிவிடும்.

திறந்த பிறகு காற்றை எங்கே விடுவது? இங்கேதான் இரண்டு கட்சி. ‘வெளியே விடு’ என்பது ஒன்று. சீறுவது இதுதான். ‘குழாய் போட்டு டர்போவின் வாய்க்கே திருப்பி விடு’ என்பது இன்னொன்று. இதில் சத்தம் அடங்கிவிடும். கார் கம்பெனிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்சி.

அரிசிக்குத் தக்க தண்ணீர்

இதற்குச் சத்தம் மட்டுமா காரணம்? இல்லை. கணக்கும் இருக்கிறது.

பல கார்களில், உள்ளே வரும் காற்றை வாசலிலேயே ஒரு கருவி அளந்துவிடுகிறது. அந்த அளவைப் பார்த்துத்தான் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. எத்தனால் சேராத 1 கிலோ பெட்ரோல் நன்றாக எரிய, சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும்.

வீட்டில் அம்மா படி கணக்காக அரிசி அளந்து, அதற்குத் தக்க தண்ணீர் வைக்கிறார். யாரோ சொல்லாமல் அரை படி அரிசியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சோறு குழைந்து கஞ்சியாகிவிடும். அளந்து எடுத்த காற்றை வழியிலேயே வெளியே விட்டாலும் அதே கதைதான். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். கரும்புகை வரும். பிளக்கில் கரி பிடிக்கும். சில சமயம் சிக்னலில் வண்டி நின்றே போகும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கே நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கருவியைச் சூடேற்றிக் கெடுக்கும். அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு சின்னச் செலவல்ல.

காற்றைத் திருப்பி விட்டால் இந்தத் தொல்லை இல்லை. எடுத்த அரிசி பானைக்கே திரும்பிவிடுகிறது!

எல்லாக் கார்களும் இப்படி அளப்பதில்லை என்பது உண்மை. சில கார்கள் குழாயில் உள்ள அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகின்றன. அவற்றில் காற்றை வெளியே விட்டாலும் கணக்கு அவ்வளவாகத் தவறாது. சீறல் கட்சிக்காரர்கள் காட்டும் சாட்சி இதுதான். ஆனால் லாபம் என்ன? எந்திரத்துக்கு அந்த நொடியில் வேண்டாத காற்றுதான் வெளியே போகிறது. அதனால் சக்தி கூடாது.

டெல்டாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வண்டி நின்ற இடத்தில் எந்திரம் ஓடும்போது, ஸ்பிரிங் பலமில்லாத வால்வு லேசாகத் திறந்தே இருக்கும். வெளியே விட வேண்டிய வாய், அப்போது உள்ளே இழுக்கும். வடிகட்டாத காற்று! சம்பா அறுவடை நாளில், நெல்லும் வைக்கோலும் காயும் சாலையில் எவ்வளவு தூசி பறக்கும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

டீசல் வண்டிக்கு எதற்கு?

பஸ், லாரி, கதிர் அறுக்கும் எந்திரம் இவையெல்லாம் டீசலில் ஓடுகிறவை. பலவற்றில் டர்போ உண்டு. ஆனால் டீசல் எந்திரத்தில் வேகத்தைக் குறைக்கக் காற்றை அடைப்பதில்லை. டீசலைத்தான் குறைக்கிறார்கள். காற்று தேங்காதபோது வடிகால் எதற்கு? இருந்தும் டீசல் கார்களுக்கென்று மின்சாரத்தில் திறக்கும் சீறல் வால்வு விற்பனையாகிறது. காசைக் கொடுத்துச் சத்தத்தை வாங்குவது என்றால் இதுதான்!

சட்டமும் சும்மா இல்லை. கம்பெனி தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம். பந்தயத் தளத்துக்குள் ஓடும் கார்களின் சங்கதி வேறு.

டர்போ காரில் திடீரென்று இழுவை குறைந்தால், முதலில் பார்க்க வேண்டியவற்றில் பழைய வால்வும் ஒன்று. பல கார்களில் அதற்குள் இருப்பது ஒரு ரப்பர் சவ்வு. ஆண்டுகள் போனால் சூட்டில் வெடித்துக் கிழியும். காற்று கசியும். அதற்குச் சீறல் வால்வு மாட்ட வேண்டியதில்லை. அதே கம்பெனியின் புது வால்வைப் போட்டு, குழாய்களின் கிளிப்பை இறுக்கினால், போன இழுவை திரும்பி வந்துவிடும்.